மைதானத்துக் கேள்விகள்: உதவிப் பயிற்றுநராக வர விரும்புகிறவர்களுக்கு

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்களிடமிருந்து உதைபந்தாட்டப் பயிற்சி பற்றி வந்த கடிதங்களில், பாடசாலை அணிகளின் உதவிப் பயிற்றுநர் வேலையைப் பற்றியவை இம்முறை அதிகம். அவற்றை ஒரே இடத்தில் சேர்த்துப் பதில் தருகிறோம்.

உயர்தரம் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. பாடசாலை அணியில் இடது பக்கப் பின்கள வீரராக ஆடினேன். 16 வயதுக்குட்பட்ட அணிக்கு “சேருக்கு உதவியாக வா” என்று அதிபர் கூப்பிடுகிறார். என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை. எங்கிருந்து தொடங்க?
*வாசகர், களுவாஞ்சிக்குடி*

வாய்ச்சொல்லோடு மைதானத்தில் இறங்க வேண்டாம், தம்பி. அதிபரிடம் ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள். எந்த வயதுப் பிரிவு, வாரத்தில் எத்தனை நாள், யாருக்குப் பொறுப்பு, கொடுப்பனவு உண்டா, உண்டென்றால் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தருகிறதா பழைய மாணவர் சங்கம் தருகிறதா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழையும் பொலிஸ் நற்சான்றிதழையும் கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளோடு வேலை செய்ய வருகிறவரிடம் பெற்றோர் எதிர்பார்க்கும் முதல் மரியாதை அது. பின்னாளில் பயிற்றுநர் உரிமப் பாடநெறிக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்தக் கடிதம் உங்கள் அனுபவத்துக்குச் சாட்சியாக நிற்கும்.

அடுத்தது தலைமைப் பயிற்றுநரோடு ஒரு மணித்தியாலப் பேச்சு. “சேர், எந்த மூன்று விஷயத்தை முழுக்க என்னிடம் விடுவீங்க?” என்று கேளுங்கள். புதியவருக்குப் பொருத்தமானவை உடற்சூடேற்றல், பந்துக்காப்பாளர் பயிற்சி, ஆட்டப் பதிவு ஆகிய மூன்றும்தான். அணித் தெரிவும் ஆட்ட அமைப்பும் அவருடையவை. இந்த எல்லையை முதல் நாளே பேசிக்கொள்ளாத இடங்களில், மூன்றாவது ஆட்டத்துக்குள் இருவருக்கும் மனக்கசப்பு வந்துவிடும்.

பயிற்சி 3.45க்கு என்றால் நீங்கள் 3.15க்கு மைதானத்தில் நிற்க வேண்டும். 24 பிள்ளைகளுக்குக் குறைந்தது 12 பந்து, 30 கோன், இரண்டு நிறத்தில் பன்னிரண்டு பன்னிரண்டாக பிப் (அணியைப் பிரித்துக் காட்ட மேலே போடும் கையில்லாச் சட்டை), ஒரு பம்ப், மூன்று ஊசி தேவை. ஐந்தாம் இலக்கப் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், நிறை 410 முதல் 450 கிராம். அதன் காற்றழுத்தம் 0.6க்கும் 1.1க்கும் இடைப்பட்ட வளிமண்டல அளவில் இருக்க வேண்டும். காலையில் சரியாக ஊதிய பந்து பகல் வெயிலில் கிடந்தால் கல்லாகிவிடும். அந்தப் பந்தில் தலையால் முட்டப் பழக்கினால் பிள்ளை பந்துக்கே பயந்துவிடும். ஊசியைக் காய்ந்தபடி குத்தினால் வால்வு கிழியும். ஒரு சொட்டுக் கிளிசரின் போதும், இல்லாவிட்டால் தண்ணீரிலாவது நனைத்துக் குத்துங்கள்.

75 நிமிடப் பயிற்சியை இப்படிப் பிரிக்கலாம்: சூடேற்றல் 20, பந்து நுட்பம் 15, சிறு ஆட்டம் 20, பெரிய ஆட்டம் 15, தணித்தல் 5. இதில் புதியவர்கள் சறுக்கும் இடம் வரிசை. 24 பேரை ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே கோலுக்கு அடிக்க விட்டால், ஒருவருக்கு 20 வினாடி வைத்தாலும் ஒரு சுற்று முடிய 8 நிமிடம் போகும். 15 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு இரண்டு அடிகூடக் கிடைக்காது. கோன் வைத்து நான்கு சிறு கோல் அமைத்து ஆறு ஆறு பேராகப் பிரியுங்கள். அதே 15 நிமிடத்தில் ஒவ்வொருவருக்கும் ஏழு அடி கிடைக்கும். நல்ல பயிற்றுநரை அடையாளம் காண அவர் பேச்சைக் கேட்கத் தேவையில்லை, எத்தனை பிள்ளைகள் சும்மா நிற்கிறார்கள் என்று எண்ணினால் போதும்.

ஆட்ட நாளில் உங்கள் ஆயுதம் பேனை. ஒரு தாளில் மைதானத்தை வரைந்து மூன்று பகுதியாகப் பிரித்து, பந்தைப் பறிகொடுத்த இடத்தில் புள்ளி, கோலுக்கு அடித்த இடத்தில் குறுக்குக் கோடு என்று போடுங்கள். இடைவேளை அதிகபட்சம் 15 நிமிடம், பாடசாலைப் போட்டிகளில் அதைவிடவும் குறையும். முதல் நான்கு நிமிடம் தண்ணீருக்கும் மூச்சுக்கும் விட்டுவிட்டு, தலைமைப் பயிற்றுநரின் காதில் மூன்றே விஷயம் சொல்லுங்கள். “வலது பக்கம் சரியில்லை” என்று சொன்னால் அவரால் எதுவும் செய்ய முடியாது. “அவங்கட இடது விங் ஆறு தரம் உள்ளுக்கு வெட்டினான், எங்கட வலது பெக் ஆறு தரமும் வெளிப்பக்கம்தான் மறைச்சான்” என்று சொன்னால் அங்கேயே திருத்திவிடுவார்.

ஏ, பி, சி என்று உரிமங்களைச் சொல்கிறார்கள். எதை முதலில் செய்ய வேண்டும்? விளையாடிய அனுபவம் போதாதா?
*வாசகர், அக்கரைப்பற்று*

ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் ஏணி கீழிருந்து மேலாக டி, சி, பி, ஏ, ப்ரோ என்று போகும். இலங்கையில் இவற்றை நடத்துவது தேசிய சம்மேளனம். விண்ணப்ப அறிவித்தல் மாவட்ட லீக் வழியாகவும் வரும் என்பதால், லீக் செயலாளரிடம் உங்கள் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்க வேண்டும். ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு உடனே தாவ முடியாது. இடையில் ஓர் அணியோடு வேலை செய்து காட்ட வேண்டும். உரிமம் கையில் வந்த பிறகும் காலாவதி உண்டு, தொடர்கல்வி செய்துதான் புதுப்பிக்கலாம்.

அறிவித்தல் வந்தால் “அடுத்த முறை பார்ப்போம்” என்று விடாதீர்கள். 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்ட அமைப்பான பீபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது, ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. இடைநிறுத்தம் என்றால் சர்வதேச ஆட்டங்கள் மட்டும் நிற்பதில்லை. பீபா, ஆசியக் கூட்டமைப்பு இரண்டினதும் அபிவிருத்தித் திட்டங்களும் பாடநெறிகளும் சேர்ந்தே நின்றுவிடும். அந்த மாதங்களில் காத்திருந்தவர்களுக்கு அது வீணான காலம்.

விளையாடிய அனுபவம் உதவும், ஆனால் பரீட்சை வேறு விதம். உங்களுக்கு ஒரு தலைப்புத் தரப்படும். உதாரணமாக, “மூன்றாம் பகுதியில் மூன்றாவது ஆளைக் கண்டுபிடித்தல்”, அதாவது எதிரணிக் கோலுக்குக் கிட்டிய பகுதியில், பந்தைக் கொடுப்பவரும் வாங்குபவரும் அல்லாத இன்னொருவருக்குப் பந்தைச் சேர்த்தல். அதற்குப் பயிற்சித் திட்டம் எழுதி, சக மாணவர்களை வைத்து நடத்திக் காட்ட வேண்டும். பலர் விழுவது, பிழை நடந்த கணத்தில் ஆட்டத்தை நிறுத்தாமல் இரண்டு நிமிடம் கழித்து விளக்கம் சொல்வதால். நிறுத்து, பிழை நடந்த இடத்திலேயே எல்லோரையும் நிற்க வை, ஒரு கேள்வி கேள், சரியாகச் செய்து காட்டு, மீண்டும் ஓட விடு. இவை எல்லாம் 30 வினாடிக்குள் முடிய வேண்டும். வீட்டில் கைத்தொலைபேசியில் பதிவு செய்து நேரம் பார்த்துப் பழகுங்கள். பாடநெறி சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடந்தால் தடுமாறாதபடி ஐம்பது அறுபது ஆட்டச் சொற்களை மூன்று மொழியிலும் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்வதும் நல்லது.

மகன் உதைபந்துப் பயிற்றுநராக வரப்போகிறேன் என்கிறான். இதில் குடும்பம் நடத்த முடியுமா?
*ஒரு தந்தை, காத்தான்குடி*

பாடசாலை உதவிப் பயிற்றுநர் கொடுப்பனவை மட்டும் நம்பி நமது மாவட்டங்களில் குடும்பம் நடத்த முடியாது. பயிற்சியை விடாமல் செய்ய இடம் தரும் ஒரு நிரந்தர வேலையோடு அதைச் சேர்த்துக்கொள்வதுதான் வழி.

முதல் வழி உடற்கல்வி ஆசிரியர். உயர்தரப் பெறுபேற்றின் அடிப்படையில் தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள். பயிற்சி மூன்று வருடம்: இரண்டு வருடம் கல்லூரியில், ஒரு வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. உடற்கல்வி எந்தக் கல்லூரியில், எந்த மொழியில் என்பது அந்தந்த வருட வர்த்தமானியில்தான் இருக்கும். தாழங்குடாவும் அட்டாளைச்சேனையும் பக்கத்தில் இருக்கின்றன என்பதற்காக அங்கே உடற்கல்வி இருக்கும் என்று எண்ணி விண்ணப்பத்தை நிரப்பிவிடாதீர்கள்.

இரண்டாவது பட்டம். சபரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானமும் முகாமைத்துவமும் பட்டப்படிப்பாக உண்டு. இதற்கு உயர்தரப் பாடங்களைச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், ஆகவே சாதாரண தரம் முடியும்போதே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் பாருங்கள். மூன்றாவது, பிரதேச செயலகங்களில் இருக்கும் விளையாட்டு உத்தியோகத்தர் பதவி. கொழும்பிலுள்ள தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகத்தின் டிப்ளோமாவும் இந்த வழியில் கைகொடுக்கும்.

மகனின் ஆசை சரியான ஆசை. அவனைத் தடுக்காமல் உயர்தரத்தை ஒழுங்காக முடிக்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் மேலே சொன்ன கதவுகளில் பெரும்பாலானவை திறக்காது.

நோன்பு மாதத்தில் பயிற்சியை நிறுத்திவிடுவதா? கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள், என்ன செய்ய?
*உதவிப் பயிற்றுநர், ஏறாவூர்*

நோன்பில் நிறுத்தத் தேவையில்லை, கடுமையைக் குறைத்து நேரத்தை மாற்றுங்கள். நோன்பு திறப்பதற்கு முந்திய 45 நிமிடத்தில் நடையும் பேச்சுமாக ஆட்ட அமைப்பு, மூலை உதை, பந்து எறிதல் போன்றவற்றைப் பழக்கலாம். ஓட்டம் வேண்டுமென்றால் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு, வெளிச்சமுள்ள இடத்தில், வாரம் இரண்டு நாள். நோன்பு திறந்ததிலிருந்து சஹர் (விடியலுக்கு முந்திய உணவு) வரை தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லுங்கள். சஹர் நேரத்தில் ஒரேயடியாக ஒன்றரை லீற்றர் குடித்தால் அதில் பெரும்பகுதி சீக்கிரமே வெளியே போய்விடும். நோன்பு பிடிக்காத பிள்ளைகளும் அணியில் இருந்தால் இரண்டு குழுவுக்கும் ஒரே நேரத்தை வையுங்கள், அணி இரண்டாகப் பிரியக் கூடாது.

மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் தரையிலிருந்து சுடச்சுட வீசும். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் பிள்ளைக்குத் தான் வற்றிப்போவது தெரியாது. பள்ளி விட்ட கையோடு 2.30க்குப் பயிற்சி வைப்பது இந்த மாதங்களில் பெரிய தவறு. 4.15க்குப் பிறகு வையுங்கள், அல்லது காலை 6 மணிக்கு. 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதி எல்லோரும் 150 முதல் 200 மில்லிலீற்றர் குடிக்க வேண்டும், தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய ஒரு லீற்றர் போத்தல் இருக்கட்டும். ஒரே கோப்பையைச் சுற்றவிட்டால் காய்ச்சலும் சேர்ந்து சுற்றும்.

தலைவலி, குமட்டல், கெண்டைப் பிடிப்பு வந்தால் நிழலில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, தண்ணீர் கொடுங்கள். அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது. பிள்ளை புலம்பினால், நேராக நடக்க முடியாவிட்டால், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது வெப்ப அதிர்ச்சி. 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அது வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். மேற்சட்டையைக் கழற்றி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வைத்து, விசிறிக்கொண்டே இருங்கள். உடம்பைக் குளிராக்குவதுதான் இங்கே மருந்து. நினைவு தப்பிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மண் மைதானங்களுக்கு ஒரு வார்த்தை. கடலோர மணலில் கெண்டையும் தொடையின் பின்தசையும் சீக்கிரம் களைக்கும். பீபாவின் “11 பிளஸ்” சூடேற்றல் இதற்கு நல்லது: மெதுவோட்டம் 8 நிமிடம், பலம், சமநிலை, தாவல் 10 நிமிடம், வேக ஓட்டம் 2 நிமிடம். வாரம் இரண்டு தடவையாவது, வரிசை மாறாமல் செய்தால்தான் காயம் குறையும். பலர் நடுவிலுள்ள 10 நிமிடத்தை நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள், காயத்தைத் தடுப்பதில் பெரும் பங்கு அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான்.

இன்னொன்று: 13, 14 வயதில் திடீரென்று உயரும் பிள்ளை முழங்காற் சில்லுக்குக் கீழே வலிக்கிறது என்றால் அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். எலும்பு வளரும் இடத்தைத் தசைநார் இழுக்கும் வலி அது. தாவலையும் நீண்ட உதையையும் சில வாரம் குறைத்து, வலி தொடர்ந்தால் வைத்தியரிடம் அனுப்புங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்து குறித்து வைத்தால் யாருக்கு இது வரப்போகிறது என்று முன்பே தெரியும்.

மூலை உதையிலேயே கோல் வாங்குகிறோம். தலைமைப் பயிற்றுநர் இதை என்னிடம் விட்டுவிட்டார்.
*வாசகர், திருக்கோவில்*

நல்ல வேலை கிடைத்திருக்கிறது. உதவிப் பயிற்றுநருக்குப் பெயர் வாங்கித் தருவது இதுதான், கணக்கில் தெரியும்.

பந்துக்காப்பாளரை விட்டுப் பத்துப் பேர். ஒருவர் கிட்டக் கம்பத்தில், அதாவது உதை வரும் பக்கத்துக் கோல் கம்பத்தில். மூவர் கோலுக்கு முன்னாலுள்ள 5.5 மீற்றர் கோட்டில் இடைவெளிவிட்டு வரிசையாக, இவர்கள் ஆளைப் பிடிக்காமல் இடத்தைக் காப்பவர்கள். நால்வர் எதிரணியின் நல்ல தலைமுட்டுக்காரர்களை ஆளுக்கு ஆள் பிடிப்பவர்கள். ஒருவர் 16.5 மீற்றர்ப் பெட்டியின் விளிம்பில் இரண்டாம் பந்துக்கு, அதாவது வெளியேற்றி வந்து விழும் பந்துக்கு. ஒருவர் நடுக்கோட்டில் எதிர்த்தாக்குதலுக்கு.

உடைவது பெரும்பாலும் ஆள்பிடிப்பவர்களிடம். பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், ஆள் முதுகுக்குப் பின்னால் நழுவிவிடுவான். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கண்ணில் பந்தும் ஒரு கையளவில் ஆளும் இருக்கப் பழக்குங்கள். அடுத்த உடைவு, வெளியேற்றிய பந்து பெட்டியின் நடுவில் விழுவது. தலையால் முட்டினால் உயரமாகவும் ஓரமாகவும் போக வேண்டும். பந்து வெளியேறியதும் எல்லோரும் ஐந்து அடியாவது முன்னேற வேண்டும். கோல் வாசலிலேயே நின்றால் எதிரணியில் யாரும் ஓப்சைட்டாக மாட்டார்கள்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். கடற்காற்றை எதிர்த்து எதிரணி அடிக்கும் மூலை உதை இறந்து கிட்டக் கம்பத்தில் விழும், அங்கே இன்னொருவரைச் சேருங்கள். காற்றோடு அடிப்பது தூரக் கம்பத்தைத் தாண்டும், அங்கே உயரமான பிள்ளை நிற்கட்டும். நாணயச் சுழற்சிக்கு முன்பே ஒரு பிடி மண்ணைத் தூவிப் பாருங்கள்.

புதிய விதி ஒன்று: 2025 ஜூலை முதல் பந்துக்காப்பாளர் கையில் 8 வினாடிக்கு மேல் பந்தை வைத்திருந்தால் எதிரணிக்கு மூலை உதை. கடைசி ஐந்து வினாடியை நடுவர் கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார். உங்கள் போட்டியில் அமுலில் உள்ளதா என்று முகாமையாளர் கூட்டத்தில் கேளுங்கள்.

உதவிப் பயிற்றுநர் கோட்டோரம் நின்று கத்தலாமா? நடுவர் எங்கள் தலைமைப் பயிற்றுநருக்கு மஞ்சள் அட்டை காட்டிவிட்டார், கத்தியது நான்.
*வாசகர், காரைதீவு*

ஒரே நேரத்தில் ஒருவர்தான் நுட்பப் பகுதியிலிருந்து (கோட்டோரம் பயிற்றுநர்களுக்கு ஒதுக்கிய இடம்) கட்டளை சொல்லலாம். 2019 முதல் அணி அதிகாரிகளுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை உண்டு. குற்றம் செய்தவர் யாரென்று அடையாளம் காண முடியாவிட்டால், அந்தப் பகுதியில் இருக்கும் மூத்த பயிற்றுநருக்கே அட்டை போகும். அன்று நடந்தது அதுவாகத்தான் இருக்கும். அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள், அடுத்த ஆட்டத்தில் உட்கார்ந்தே எழுதுங்கள்.

பெண்களுக்கு இந்த வேலையில் இடமுண்டா? உடற்கல்வி படிக்கிறேன்.
*வாசகி, செங்கலடி*

உண்டு, தங்கச்சி. உரிமங்கள் எல்லாமே பெண்களுக்கும் திறந்தவை. பெண்பிள்ளைகள் அணி அமையாமல் போவதற்குப் பல இடங்களில் காரணம் விளையாட ஆளில்லாதது அல்ல, கூடப் போக ஒரு பெண் பொறுப்பாளர் இல்லாதது. வெளி மாவட்டப் பயணம், உடைமாற்றும் அறை, மாதவிடாய் நாட்கள், காயத்துக்கு ஒத்தடம் இவற்றுக்கெல்லாம் நீங்கள் இருந்தால் ஓர் அணியே பிறக்கும். எட்டுப் பேரோடு ஐவர் ஆட்டமாகத் தொடங்குங்கள். 30க்கு 20 மீற்றர் போதும். வலய உடற்கல்வி உதவிப் பணிப்பாளரிடம் எழுத்தில் அறிவித்துவிட்டுச் செய்யுங்கள். பிள்ளைகள் துன்புறுத்தல் எதையாவது சொன்னால் அதை மைதானத்திலேயே பேசித் தீர்க்க முயலாதீர்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. ஆண் பயிற்றுநர்களுக்கும் இது பொருந்தும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் உதவிப் பயிற்றுநர்கள் கோடிக்கணக்கில் சம்பளம் எடுப்பதை யூடியூபில் பார்த்தேன். நாம் அங்கே போக முடியுமா?
*வாசகர், மட்டக்களப்பு நகர்*

நீங்கள் பார்த்தது அநேகமாக அமெரிக்கன் புட்போல், முட்டை வடிவப் பந்து. நமது உதைபந்தாட்டத்தை அங்கே சொக்கர் என்பார்கள். அந்தச் சம்பளம் பெரிய பல்கலைக்கழகங்களில் மேல் படியில் இருக்கிற சிலருக்கு. படிகள் இப்படி: மாணவ உதவியாளர், பிறகு முதுமாணி படித்துக்கொண்டே பட்டதாரி உதவியாளர், பிறகு ஆட்டப் பகுப்பாய்வாளர், பிறகு ஒரு நிலைக்கு மட்டும் பொறுப்பான பயிற்றுநர், பிறகு தாக்குதலுக்கோ தடுப்புக்கோ ஒருங்கிணைப்பாளர், அதற்கும் மேலே தலைமை. 2024 வரை மைதானத்தில் இறங்கிக் கற்பிக்கக் கூடிய உதவிப் பயிற்றுநர் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தது. அந்த வருடம் அதைத் தளர்த்தி, பகுப்பாய்வாளர்களும் வீரர்களுக்கு நேரடியாகக் கற்பிக்கலாம் என்று ஆக்கினார்கள்.

நமக்கு எட்டக் கூடியது அங்குள்ள சொக்கர் அணிகளில் பட்டதாரி உதவியாளர் இடம். கல்விக் கட்டணச் சலுகையும் சிறு உதவித்தொகையும் தருவார்கள். அதற்கு இளமாணிப் பட்டம், ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை, முதுமாணி அனுமதி, எப்-1 மாணவர் வீசா எல்லாம் வேண்டும். அந்த வீசாவில் தவணைக் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். தலைமைப் பயிற்றுநருக்கு மின்னஞ்சல் எழுதும்போது உங்கள் கோல்களைப் பற்றி எழுதாதீர்கள். உரிமம், நீங்களே தயாரித்த ஐந்து பயிற்சித் திட்டங்கள், ஓர் எதிரணியைப் பற்றிய இரண்டு பக்க அறிக்கை, பத்து நிமிடப் பயிற்சிக் காணொளி ஆகியவற்றை இணையுங்கள்.

மட்டக்களப்பு வெபர் விளையாட்டரங்கில் நீங்கள் ஆடியிருப்பீர்கள். அந்தப் பெயருக்குரிய ஹரோல்ட் வெபர் அடிகளார் அமெரிக்காவிலிருந்து மட்டக்களப்புக்கு வந்து நம் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்த இயேசு சபைத் துறவி. நீங்கள் அங்கே போய்ப் படித்தாலும், திரும்பி வரும்போது கொண்டுவரும் குறிப்புக் கொப்பிக்கு இங்கே தேவை நிறைய இருக்கிறது.

பயிற்சித் திட்டங்களை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும்?
*வாசகர், வாழைச்சேனை*

எறியவே எறியாதீர்கள். திகதி, வந்தவர்கள், காலநிலை, என்ன சரிவந்தது, என்ன சரிவரவில்லை என்று ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் நான்கு வரி எழுதுங்கள். மார்கழி மழையில் மைதானத்தில் தண்ணீர் முழங்காலளவு நிற்கும் நாட்களில் உட்கார்ந்து வாசித்துப் பிரித்துக் கட்டலாம். சி உரிமத்துக்குப் போகும்போது கேட்கப்படும் பதிவேட்டுக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்திருக்கும்.